சுவரைத் தாண்டி வந்த விளம்பரம்

உத்திரமேரூரில் ஏரிக்கரைப் பக்கம் போகும் அந்தச் சின்னத் தெருவில் பகல் நேரத்தில் யாராவது சத்தம் போட வேண்டுமென்றால் கல்பனாவைக் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். அரசாங்கம் அப்படி ஒன்றும் சட்டம் போடவில்லை. கல்பனா போட்டாள், தெரு கேட்டுக்கொண்டது. "தக்காளி, வெங்காயம், கத்திரிக்கா" என்று பதிவு செய்த குரலை அலறவிட்டுக்கொண்டு வரும் காய்கறி வண்டிக்காரன், முனை திரும்பியதும் ஒலிபெருக்கியை அணைத்துவிடுவான். அவள் வீட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் அவன் தக்காளிக்கு மறுபடி வாய் முளைக்கும். பழைய இரும்புக்காரன் ஒருநாள் இவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதோடு சரி. அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கமே அவன் தலைவைத்துப் படுப்பதில்லை.

வீட்டுக்குள்ளும் அதே சட்டம்தான். வாசல் கேட்டின் கீலில் எண்ணெய் காயவிடமாட்டாள். பகலில் குக்கர் அடுப்பேறாது, விசில் அடித்துத் தொலைக்குமே. எப்போதும் வடித்த சோறுதான். போன் அடிக்காது, அதிரும். மிக்ஸியில் அரைக்க வேண்டியதையெல்லாம் மோகன் வேலைக்குக் கிளம்பிய பிறகு சாயங்காலம் அரைத்து வைத்துக்கொள்வாள்.

மோகன் அவள் புருஷன். ஒரகடத்தில் காருக்கு வேண்டிய இரும்புத் தகடுகளை அழுத்தி வளைக்கும் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். அங்கே பகல் ஷிப்டு நிரந்தர ஆட்களுக்கு, ராத்திரி ஷிப்டு இவனைப் போன்றவர்களுக்கு. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்பெனி பஸ் ஏறினால் காலையில் வந்து இறங்குவான். குளித்து, நாஷ்டா தின்று, படுத்தால் மத்தியானம் தாண்டும்வரை தூங்கியாக வேண்டும். ஊர் முழுக்க விழித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒருத்தன் தூங்குவதென்றால் அவனுக்கு யாராவது காவல் இருக்கத்தான் வேண்டும். கல்பனா இருந்தாள்.

தெருவையே அடக்கியவளால் ஒரு சுவரை அடக்க முடியவில்லை. அந்த வீட்டையும் பக்கத்து வீட்டையும் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் பெருநகர் ஊர்க்காரர் பஞ்சாட்சரம் கையிறுக்கத்துக்குப் பேர்போனவர். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைக்கல் சுவர் ஒன்றை எழுப்பினார், அதற்கே அவருக்கு மனசு வலித்தது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். முன்பு அங்கே குடியிருந்த புருஷன் பெண்டாட்டி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பகலெல்லாம் வீடு பூட்டிக் கிடக்கும். அவர்கள் காலி செய்துகொண்டு போன பிறகு, கோடை தொடங்கிய கையோடு, பஜாரில் ரெடிமேட் துணிக்கடை வைத்திருக்கும் அத்தாவுல்லா பாயின் குடும்பம் வந்தது. பாய், அவர் மனைவி நூருன்னிசா, கடையைப் பார்த்துக்கொள்ளும் மகன் அன்வர். பாய்க்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது, கடைக்கு மேல் இருந்த மாடிவீட்டுக்கு ஏற முடியாமல்தான் தரைவீடு பார்த்து வந்திருக்கிறார்கள் என்று தெருவில் சொன்னார்கள். கல்பனாவும் ஐயோ பாவம் என்றாள்.

குடிவந்த மறுநாளே நூருன்னிசா ஒரு தட்டு நிறைய சமோசா எடுத்து, மேலே துணி போட்டு மூடிக்கொண்டு வந்தாள். நல்ல பகல். "யாரும்மா வூட்ல?" என்று வாசலில் நின்று வாய்நிறையக் கூப்பிட்டாள். கல்பனா பதறி ஓடிவந்து கதவை ஒரு சாண் திறந்து, உதட்டில் விரலை வைத்து "உஷ்ஷ்!" என்றாள். முகத்தையும் கொஞ்சம் சுளித்திருப்பாள். வந்தவள் ஒரு நிமிஷம் நின்றாள், தட்டோடு அப்படியே திரும்பிப் போய்விட்டாள். மோகன் எழுந்த பிறகு போய்ச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று கல்பனா நினைத்தாள். நினைத்ததோடு சரி.

அதற்கப்புறம்தான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

மத்தியானம் பக்கத்து வீடு அமைதியாகத்தான் கிடக்கும். ஆள் இருக்கிறார்களா என்றே தெரியாது. மோகனும் நன்றாக அயர்ந்திருப்பான். திடீரென்று சுவரைப் பொத்துக்கொண்டு ஒரு கூட்டமே கத்தும். மேளம் அடிக்கும். எவனோ ஒருத்தன் எதற்கென்றே தெரியாமல் சிரிப்பான். தலைக்கு எண்ணெய், வீட்டுக்கு சிமெண்ட், கழுத்துக்கு நகை, எல்லாம் இன்றைக்கே வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் குடிமுழுகிப் போய்விடும். பிறகு சட்டென்று நின்றுபோகும். மோகன் புரண்டு படுத்து மறுபடி கண்ணயரும் நேரம் பார்த்து அடுத்த அலறல் வரும்.

டிவியைச் சத்தமாக வைத்துப் பார்க்கிறவர்கள் ஒரு ரகம், அவர்களைக் கல்பனாவுக்குத் தெரியும். அவர்கள் எப்போதும் சத்தமாகவே வைப்பார்கள். இது அப்படியில்லையே. அமைதி, அலறல், மறுபடி அமைதி. உலகத்தில் யாராவது விளம்பரத்துக்கு மட்டும் சத்தத்தை ஏற்றிவைத்துப் பார்ப்பார்களா? வேண்டுமென்றே செய்தால்தான் உண்டு. அந்த 'உஷ்'ஷுக்குப் பழிவாங்குகிறாள் என்று கல்பனா முடிவுகட்டிவிட்டாள். சுவரின் இந்தப் பக்கம் உட்கார்ந்து யோசித்தால் வேறெப்படித்தான் தோன்றும்?

பூரிக்கட்டையால் சுவரைத் தட்டிப் பார்த்தாள். முதல் நாள் தட்டியதும் சத்தம் குறைந்தது. பலித்துவிட்டது என்று உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் முன்பைவிட ஓங்கி வந்தது. இவளுக்கு வந்ததே கோபம், இவளும் ஓங்கித் தட்டினாள்.

"ஏய், இன்னாத்துக்கு சுவத்த இடிக்கிற?" என்று மோகன் எழுந்து உட்கார்ந்தான்.

விளம்பரம் எழுப்பியதைவிட அவன் பெண்டாட்டி எழுப்பியதுதான் அன்றைக்கு அதிகம். அதைச் சொன்னால் அவளுக்குத் தாங்காது என்பதால் அவன் சொல்லவில்லை.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் காலை மோகன் வேலைவிட்டு வந்து, தட்டில் வைத்த இட்லியைத் தொடாமல் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நேத்து மெஷினாண்ட நின்னுக்கினே தூங்கிட்டேன் கல்பனா."

"இன்னா சொல்ற?"

"கை உள்ள போயிருக்கும். குறுக்க கை வந்தா தானா நின்னுடற மெஷினு, அதனால தப்பிச்சேன். சூப்பர்வைசர் பாத்துட்டான். இன்னொரு வாட்டி இப்டி பாத்தா கார்டை வாங்கிக்கினு அனுப்பிடுவேன்றான்." அவன் கையை மடக்கி விரித்தான். "அனுப்புனா அனுப்பட்டும். அடுத்த மாசம் என்னை பழைய மெஷின்ல போடறாங்க. அது நிக்காது."

கல்பனா ஒரு இட்லியைப் பிட்டு அவன் கையில் வைத்தாள். அவனைப் படுக்கவைத்து, ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டி, கதவருகிலேயே உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் அவன் குறட்டை விட ஆரம்பித்தபோதுதான் அவளுக்கு மூச்சே வந்தது. அந்த நேரம் பார்த்துச் சுவர் அலறியது. குறட்டை நின்றது. அவன் கண்ணைத் திறக்காமல் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டதைப் பார்த்தாள். அவ்வளவுதான், முந்தானையைச் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தாள்.

திட்டுவதற்கு வேண்டிய வார்த்தைகளெல்லாம் வாய்க்குள் வரிசையில் நின்றன. வாசலில் துணித்திரை தொங்கியது. கூப்பிடாமலேயே விலக்கினாள்.

உள்ளே தரையில் பாய் விரித்து, சமோசாவுக்கான மைதாப் பட்டைகளை அடுக்கிவைத்திருந்தார்கள். பட்டையில் வெங்காயப் பூரணம் வைத்து முக்கோணமாக மடித்து, ஓரத்தை மைதாக் கூழ் தொட்டு ஒட்டி, சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடைகளுக்குக் கொடுத்தனுப்புவது நூருன்னிசாவின் வேலை. மணிக்கட்டுவரை இரண்டு கையும் மைதாக் கூழ். அந்தக் கையோடு அவள் தரையில் குனிந்து, பிளாஸ்டிக் உறை போட்ட ரிமோட்டை முழங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள். அது வழுக்கி வழுக்கி ஓடியது. முழங்கைக்குச் சத்தத்தை ஏற்றும் பொத்தான் எது, இறக்கும் பொத்தான் எது என்று எப்படித் தெரியும்? டிவி இன்னும் ஓங்கிக் கத்தியது.

கட்டிலில் அத்தாவுல்லா பாய் கிடந்தார். நல்ல கையால் ஒரு காதை மூடியிருந்தார். இன்னொரு காதை மூட அவருக்குக் கை இல்லை. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

கல்பனாவின் வாய்க்குள் வரிசையில் நின்ற வார்த்தை ஒன்றுகூட வெளியே வரவில்லை. போய் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை அணைத்தாள். பாயின் உடம்பு மெதுவாக அடங்கியது.

நூருன்னிசா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீதானம்மா சுவத்த தட்றது? நீ தட்றப்பல்லாம் கைய கழுவிக்கினு ஓடியாந்து கொறைக்கிறேன். அதுக்குள்ள அது முடிஞ்சிடுது. அப்புறம் அவங்க பேசறது கேக்க மாட்டேங்குது, மறுபடி ஏத்தறேன். ஏத்துனா உடனே விளம்பரம் வந்துடுது. நான் இன்னாதான் பண்றது?"

விளம்பரம் முடிந்து தொடர் வந்தது. கல்பனா சத்தத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். தமிழில் டப் செய்த ஏதோ வெளிநாட்டுக் குடும்பக் கதை. அதில் வருகிற அத்தனை பேரும் அழகானவர்கள், அத்தனை பேரும் குசுகுசுவென்று பேசினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே கல்பனாவுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. சுவரைத் தாண்டி இது எங்கே வரப்போகிறது? இத்தனை நாளும் அவளுக்குக் கேட்டது விளம்பரம் மட்டும்தான். ஏற்றியது நூருன்னிசா அல்ல, அது தானே ஏறிக்கொண்டு வந்திருக்கிறது.

"டிவி எதுக்கும்மா இவருக்கு?" என்றாள், குரல் இறங்கிப்போய்.

"செங்கல்பட்டு ஆஸ்பத்திரில பேச்சு பழக்கற பொண்ணு சொல்லிச்சி. ஜனங்க பேசறது அவர் காதுல விழுந்துக்கினே இருக்கணும், அப்பதான் பேச்சு திரும்புமாம். நான் ஒருத்தி எவ்ளோதான் பேசறது? இந்தக் கதை வந்தா மட்டும்தான் அவர் வாய் அசையுது. இதோ வருது வருதுன்னு பாத்துக்கினே இருப்பேன், அதுக்குள்ள இந்த சனியன் கத்திடும். நடுங்கிப் பூடுவாரு. அன்னிக்கி முழுக்க அப்புறம் வாயே தெறக்க மாட்டாரு."

கல்பனா தரையில் உட்கார்ந்துவிட்டாள். மோகனைப் பற்றிச் சொன்னாள், மெஷினைப் பற்றி, கையைப் பற்றி, அவன் தூங்கியே ஆக வேண்டியதைப் பற்றி. "அன்னிக்கி உஷ்ஷுன்னு சொன்னேனே, அது அவரு தூங்கறாருன்னுதான். தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றாள்.

நூருன்னிசா சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. "நீ பாய் வூட்டுப் பலகாரம் வேணாம்னு சொல்றியோன்னு நான் நெனச்சிட்டேன்."

கட்டிலில் இருந்த பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் காதில் விழுகிறதா, விழுந்தாலும் புரிகிறதா என்று இரண்டு பெண்களும் யோசிக்கவில்லை.

மறுநாள் கல்பனா கேபிள் அருள்தாஸைக் கையோடு பிடித்து இழுத்துவந்தாள். அந்தப் பகுதிக்குக் கேபிளும் நெட்டும் கொடுக்கிறவன் அவன்தான். டிவியின் உள்ளே போய் என்னென்னவோ மாற்றிப் பார்த்தான், ஒன்றும் நடக்கவில்லை.

"அக்கா, சாதா சேனல்னா ரூல் கீது. நிகழ்ச்சிய விட விளம்பரம் சத்தமா போவக்கூடாது. இது நெட்ல வர்ற ஆப்பு. இதுக்கு அந்த மாதிரி ரூல் எதுவும் கெடையாது. அமெரிக்காவுல ஏதோ ஒரு மாகாணத்துல இப்பதான் சட்டம் போட்டுக்கீறாங்களாம். பேப்பர்ல பாத்தேன்."

"அவன் போட்டா நம்மளுக்கு இன்னா?"

"நம்மளுக்கும் ஒருநாள் போடுவாங்க."

"அதுவரைக்கும் என் வூட்டுக்காரரு முழிச்சிக்கினு நிக்கணுமா? தெருவுல கத்திக்கினு போறவன் நான் ஒரு மொற மொறச்சா அணைக்கிறான். இவன எங்கடா போயி மொறைக்கிறது? மூஞ்சே இல்லியே!"

விளம்பரம் இல்லாத பிளான் எடுக்கலாமே என்றான் அருள்தாஸ். அதிலும் இப்போதெல்லாம் கொஞ்சம் வருகிறது என்று அவனே ஒத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். சட்டம் வருகிறபோது வரட்டும் என்று கல்பனா தன் சட்டத்தைப் போட்டாள். மோகன் தூங்கப்போனதும் வீட்டை வெளிப்பக்கம் தாழ்போட்டுவிட்டு நூருன்னிசா வீட்டுக்கு வந்து ரிமோட்டோடு உட்கார்ந்துகொள்வது. காட்சி முடிந்து திரை கொஞ்சம் கறுக்கும், விளம்பரம் தலைநீட்டும் முன்பே அதன் வாயை அடைத்துவிடுவாள். ஊமையாகக் குதித்து ஆடும் அந்தக் கூட்டத்தைப் பார்க்க அவளுக்கு ஒரே சந்தோஷம். "கத்துடா பாக்கலாம்" என்பாள். நூருன்னிசா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மோகன் தூங்கினான். கன்னம் கொஞ்சம் தேறியது. அந்த மத்தியானங்களில் கல்பனா சமோசா மடிக்கவும் பாதி கற்றுக்கொண்டாள். நூருன்னிசா கை வேலையாக இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. பாய் கடைவாசலில் நின்று கூப்பிட்டால் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். "இவரும் ஒரு விளம்பரந்தான்" என்றாள். "ஆனா ஒண்ணு. ரோட்டுக்கு அந்தாண்ட போறவங்களதான் சத்தமா கூப்புடுவாரு. படியில கால் வச்சிட்டா கொரல் அப்டியே எறங்கிடும். தோள்ல கொழந்த தூங்கிக்கினு வந்தாங்கன்னா துணி பேரக்கூட காதுல சொல்ற மாதிரிதான் சொல்லுவாரு. அன்வர் கத்துனா, மெள்ளடான்னு ஒரு அதட்டு அதட்டுவாரு."

கல்பனா திரும்பிப் பாயைப் பார்த்தாள். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தவறு நடந்தது கல்பனாவால்தான். தொடரில் பலநாளாகப் பிரிந்திருந்த அம்மாவும் மகளும் சந்தித்துக்கொள்ளும் கட்டம். நூருன்னிசா கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டாள். கல்பனாவுக்கும் மூக்கு அடைத்தது. கையிலிருந்த ரிமோட்டை எப்போது கீழே வைத்தாள், அதன்மேல் மைதாப் பட்டைத் தட்டை எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. திரை கறுத்ததும் கை தேடியது. ரிமோட் இல்லை.

அறை அலறியது. ஆளுயர எழுத்தில் ஆடித் தள்ளுபடி. கல்பனா பட்டைகளைக் கலைத்துத் தேட, நூருன்னிசா மைதாக் கையோடு டிவியை நோக்கி ஓட, கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"மெள்ள!"

கரகரத்த, பாதி உடைந்த குரல். ஆனால் அதட்டல். பாய் நல்ல கையைத் தூக்கி டிவியைப் பார்த்து நீட்டியிருந்தார். "மெள்ள!" என்றார் மறுபடியும்.

நூருன்னிசா டிவிக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அவள் போட்ட சத்தத்தில் ஆடித் தள்ளுபடியே காணாமல் போனது. கட்டிலருகே ஓடி, மைதாக் கையால் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கல்பனாவும் சேர்ந்து கத்தியிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த மோகன் என்ன விபத்தோ என்று பின்கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு, லுங்கியை இறுக்கியபடி ஓடிவந்துவிட்டான்.

"இன்னா ஆச்சி?"

"பாய் பேசிட்டாரு!" என்றாள் கல்பனா. அவன் தூக்கம் கெட்டதே அவளுக்குக் கொஞ்ச நேரம் நினைவில்லை. பிறகு நினைவு வந்ததும் முகம் செத்துவிட்டது.

மறுநாளிலிருந்து அவள் மறுபடி கவனமானாள். ஒரு விளம்பரம் தப்பவில்லை. பாயும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நூருன்னிசா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மடித்துக்கொண்டிருந்த சமோசாவைக் கீழே வைத்தாள்.

"கல்பனா, ஒரே ஒரு வாட்டி வுட்டுப் பாக்கலாமா? கொஞ்ச நேரம்தான். அவர் அதட்டுனதும் அணைச்சிடு."

கல்பனா சுவரைப் பார்த்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மோகன் தூங்கிக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் பழைய மெஷின். அது நிற்காது. திரை கறுத்தது. அவள் விரல் பொத்தானை அமுக்கியது.

நூருன்னிசா அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை. சமோசாவை மடித்தாள், கல்பனாவுக்கு டீ போட்டுக் கொடுத்தாள், வழக்கம்போலச் சிரித்துப் பேசினாள். பொத்தானை அமுக்குகிற ஒவ்வொரு முறையும் ஒரு மனுஷன் வாயைத் தான் பொத்துகிற மாதிரி கல்பனாவுக்கு இருந்தது. அழுத்தாமல் விட்டால் இன்னொரு மனுஷன் கை. யாரிடம் போய் நியாயம் கேட்பது? கத்துகிறவன் எங்கோ இருக்கிறான். நடுவில் மாட்டிக்கொண்டது இரண்டு பெண்கள்.

மோகன் வேலைக்குக் கிளம்பும்போது அவனிடம் சொல்லி அழுதாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டுவிட்டுப் போனான். ஆனால் பஸ் ஏறும் முன்பு அன்வர் கடைக்குள் நுழைந்திருக்கிறான். இரண்டு பேரும் என்ன பேசினார்களோ, மறுநாள் காலை மோகன் வந்து இறங்கியபோது அன்வர் பைக்கோடு பஸ் ஸ்டாண்டில் நின்றான்.

"மேல ரூம் சும்மாதான் கீதுண்ணே" என்று, மோகனை வீட்டில் கொண்டுவந்து விட்டபோது கல்பனாவின் எதிரில் இன்னொரு முறை சொன்னான். "அத்தா படுத்துக்கினு இருந்த ரூம்தான். இப்ப துணி மூட்டை அடுக்கி வச்சிக்கீறோம். பின்னாடி பக்கம், ஏரிக்காத்து வரும். நாலு பக்கமும் துணி, கீழ நான் கத்துனாக்கூட மேல கேக்காது. சும்மா வந்து படுங்க."

மோகன் தலையணையை எடுத்துக்கொண்டு போனான். புது லுங்கிக் கட்டுகளுக்கும் பள்ளிக்கூடச் சட்டை மூட்டைகளுக்கும் நடுவே, அத்தாவுல்லா பாயின் பழைய கட்டிலில் படுத்து, இருட்டும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு எழுப்பித்தான் எழுந்தான். அப்படியொரு தூக்கத்தை அவன் கல்யாணத்துக்கு முன்னால்கூடத் தூங்கியதில்லையாம். கம்பெனி பஸ்ஸையே தவறவிட இருந்தான்.

நூருன்னிசா வீட்டில் சட்டம் மாறியது. விளம்பரம் வரும், கல்பனா விடுவாள். பாய் நல்ல கையைத் தூக்குவார். தாடை கோணும், கழுத்து நரம்பு புடைக்கும். "மெள்ள!" அந்தக் கணமே அவள் அமுக்குவாள். டிவி தன் பேச்சைக் கேட்டு அடங்குகிறது என்று பாய் நினைத்தாரோ என்னவோ, உதட்டின் ஒரு ஓரம் மட்டும் மேலே போகும். ஆனால் அந்த ஒரு வார்த்தைதான். அதற்குமேல் நகரவில்லை. நூருன்னிசா தன் பெயரைச் சொல்லச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். மெள்ள என்றார். சோறு என்று சொல்லுங்கள் என்றாள். மெள்ள.

"ஒண்ணு வந்திச்சில்ல, வரும்மா" என்றாள் கல்பனா.

ஒரு வெள்ளிக்கிழமை அவளுக்கு வீட்டில் வேலை கிடந்தது, போக நேரமாகிவிட்டது. சோறு வடிக்கப் பானையை எடுத்தவள் நின்றாள். வீட்டில் யாரும் தூங்கவில்லை. காவல் காக்க ஒன்றுமில்லை. இதை நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் வெறுமையாகவும் இருந்தது. பரணிலிருந்து குக்கரை இறக்கித் துடைத்து, அரிசியைக் களைந்து போட்டு, மூடிமேல் குண்டைப் போட்டு அடுப்பில் ஏற்றினாள். இத்தனை காலத்தில் முதல் தடவையாக அந்த வீட்டில் பட்டப்பகலில் குக்கர் ஏறியது.

விசில் வந்தது. பழக்கதோஷத்தில் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

"மெள்ள!"

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது குரல். கல்பனா கையில் கரண்டியோடு நின்றாள். அங்கே டிவி ஓடும் சத்தமே இல்லை. விளம்பரம் எதுவும் வரவில்லை. குக்கர் இன்னொரு முறை அடித்தது.

"மெள்ள!" குரல் தடுமாறியது, எதையோ தேடியது, மூச்சு வாங்கியது. பிறகு வார்த்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. "புள்ள... தூங்குது... புள்ள தூங்குது!"

அந்தப் பக்கம் நூருன்னிசாவின் கையிலிருந்து ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. "யா அல்லா!" என்றாள்.

அன்றைக்கு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல்பனா சொன்னதையெல்லாம் அந்த மனுஷர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒற்றைக்கல் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை தூங்கியாக வேண்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறார். பிள்ளை இப்போது அவருடைய கட்டிலிலேயே தூங்குகிறான் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவரிடம் சொல்ல வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

ஓடிப்போய் அடுப்பை அணைத்தாள். குக்கர் அடங்கும்வரை காத்திருந்து, பூரிக்கட்டையால் தட்டித் தட்டிக் காரை பெயர்ந்திருந்த அந்த இடத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"அணைச்சிட்டேன் பாய்" என்றாள், குரலை இறக்கி. "தூங்கறாரு."